ரெண்டு கையும் காட்டு

புதிதாகக் கோத்த கம்ப்யூட்டருக்கு முதன்முதலாகக் கரண்ட் கொடுக்கும்போது அவர் ஒரு கூத்து செய்வார். சுவிட்சுப் பக்கத்தில் நின்றுகொண்டு, அறையில் இருக்கிற அத்தனை பேரையும் ஒரு தடவை பார்ப்பார். பிறகு, "ரெண்டு கையும் காட்டு" என்பார். எல்லோரும் கையைத் தூக்கினால்தான் சுவிட்சைத் தட்டுவார்.

எங்கள் வீட்டில் அவர் இதைச் சொன்ன அன்று அம்மா ரசக்கரண்டியோடு இரண்டு கையையும் தூக்கினாள். வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து வீட்டு அக்காவுக்கு இடுப்பில் குழந்தை. அவள் ஒரு கையைத்தான் தூக்கினாள். "கொயந்தைய எறக்கி உட்டுட்டுத் தூக்கும்மா" என்றார். குழந்தையை இறக்கிவிட்டதும் அதுவும் கையைத் தூக்கிக்கொண்டு நின்றது.

"இன்னாண்ணா, கொள்ளைக்காரங்கள வளைச்சுப் புடிச்ச மாதிரி நிக்க வெச்சுட்டீங்க?" என்று நான் சிரித்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவர் சிரிக்கவில்லை. கைகளை உண்மையாகவே எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சுவிட்சைப் போட்டார்.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. உயிரோடு இருந்தால் எங்கோ இருந்துவிட்டுப் போகட்டும். அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு அடிக்கிற ஒரு கம்பெனியில் அவர் எலக்ட்ரீஷியன், நான் ஸ்டோர்ஸ் கிளார்க். ஃப்யூஸ் கம்பி, டேப், பல்பு என்று சீட்டு நீட்டிக்கொண்டு ஜன்னலுக்கு வருவார். எது வாங்கினாலும் அதன் மேல் எழுதியிருப்பதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து முழுக்கப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். ஐந்து ஆம்பியர் என்று இருந்தால் அது ஐந்துதான். ஆறு தாங்காதா என்று யாராவது கேட்டால், "இன்னா எய்திருக்கோ அவ்ளோதான்" என்று நகர்ந்துவிடுவார். நாற்பது வயதுக்குள் இவ்வளவு கறாரா என்று எனக்கு எரிச்சலாக வரும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கம்ப்யூட்டர் கோத்துக் கொடுக்கிறார் என்பது எஸ்டேட் பூராவும் தெரியும். ரிச்சி தெருவுக்குக் கூடவே வந்து ஒவ்வொரு பாகமாகப் பொறுக்கி வாங்கி, வீட்டிலேயே உட்கார்ந்து மாட்டிக் கொடுப்பார். கூலி வாங்க மாட்டார். "பின்னாடி நீ எதனா புதுசு மாத்தும்போது பழச எனக்குக் குடு" என்பார், அவ்வளவுதான். அந்தப் பழசையெல்லாம் வைத்துக்கொண்டு இவர் என்னதான் செய்கிறார் என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை.

எனக்குக் கம்ப்யூட்டர் பைத்தியம் பிடித்தது முதலாளியின் அறையில். முதலாளி மகன் சாப்பிடப் போன நேரத்தில் பில் டைப் அடிக்கப் போனவள், திரையில் பாதியில் நின்றுகொண்டிருந்த கார் ரேஸைத் தொட்டுவிட்டேன். பத்து நிமிடம். ஐயோ, அந்தப் பத்து நிமிடத்தை எப்படிச் சொல்வது! சைக்கிள்கூட ஓட்டத் தெரியாத எனக்கு மலைப்பாதையில் நூற்றைம்பது கிலோமீட்டர் வேகம். அன்றிரவு தூக்கம் வரவில்லை. கல்யாணத்துக்கு என்று சேர்த்துக்கொண்டிருந்த சீட்டை எடுத்துவிட்டேன். இருபதாயிரம். வீட்டில், கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டால் சம்பளம் கூடும் என்று புளுகினேன்.

அவரிடமும் அதையே சொல்லிப் பார்த்தேன்.

"டைப் அடிக்க இன்னாத்துக்கு இருபதாயிரம்? மெய்யா சொல்லு, எதுக்கு வோணும்?"

"கார் ரேஸ் ஆடணும்ணா."

இருபத்தாறு வயதுப் பெண் இதைச் சொன்னால் அந்தக் காலத்தில் யார்தான் சிரிக்க மாட்டார்கள்? அவர் சிரிக்கவில்லை. கேட் பாஸ் ஒன்றைத் திருப்பிப் போட்டு, பேனாவை எடுத்து, "அப்போ கணக்கே வேற" என்றார்.

ஆட்டத்துக்கு என்றால் பணம் போக வேண்டிய இடம் வேறு என்று அன்று உட்கார்ந்து விளக்கினார். கேபினெட் அழகாக இருந்து ஒன்றும் ஆகப்போவதில்லை, பழைய தகரப் பெட்டி போதும். மானிட்டர் பதினாலு இஞ்ச், யாரோ ஆபீஸில் கழித்துப் போட்டது. ஸ்பீக்கர் என் வீட்டு டேப் ரிக்கார்டருடையது. மிச்சப்படுவதில் பாதி படம் காட்டுகிற 3டி கார்டுக்கு, அதுவும் ஒரு கை மாறியது. ராம் மட்டும் கொஞ்சம் கூட. "ஆனா எஸ்.எம்.பி.எஸ் புதுசு, நல்லது. கரண்ட்டு உள்ள வர எடத்துல கஞ்சத்தனம் பண்ணக் கூடாது. எல்லாம் அத்த நம்பித்தான் கீது." கடைசியில் பிராசசருக்கு மிச்சமிருந்த காசில் முன்னூறு மெகாஹெர்ட்ஸ்தான் கிடைக்கும் என்றார். முதலாளி மகனுடையது நானூறுக்கு மேல். என் முகம் தொங்கிப்போனது.

ரிச்சி தெருவில் கடைக்காரப் பையன் அந்த முகத்தைப் பார்த்துவிட்டான் போலிருக்கிறது. "இன்னாக்கா கவலைப்பட்ற? முன்னூறே வாங்கு. ஜம்பர மாத்தி உட்டா நானூத்தம்பதுல ஓடும். எல்லாரும் அதான் செய்றாங்கோ" என்றான். மதர்போர்டில் ஊசி ஊசியாகக் கம்பிகள் நிற்கும். அதில் இரண்டைச் சேர்த்து மூடுகிற, அரிசி அளவு பிளாஸ்டிக் மூடிதான் ஜம்பர். அதைப் பிடுங்கிப் பக்கத்துக் கம்பிகளில் சொருகினால் வேகம் ஒன்றரை மடங்கு. காசே கிடையாது!

நான் வாயெல்லாம் பல்லாகத் திரும்பினால், அவர் கடையில் இல்லை. வெளியே போய் எதிர் பிளாட்பாரத்தில் நிற்கிறார்.

"அந்தக் கடை வோணாம். வேற கட பாப்போம்."

"ஏண்ணா? சும்மா கெடைக்கிற வேகம்தானே?"

"சும்மா இன்னா கெடைக்கும்? அதுமேல முன்னூறுன்னு எய்தி கீதா, இல்லியா?"

பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்துகொண்டேன். அம்பத்தூரில் இறங்க வேண்டிய நான் கோபத்தில் இறங்க மறந்து ஆவடி வரை போய்த் திரும்பினேன் என்பது இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. அவர் வேறு கடையில் அதே முன்னூறை வாங்கி, அடுத்த ஞாயிறு மாட்டிக் கொடுத்தார். எல்லோரும் கையைத் தூக்கியது அன்றுதான்.

ஒரு மாதம் நல்ல பிள்ளையாக ஓட்டினேன். வளைவுகளில் படம் இழுத்து இழுத்து வந்தது. என் கை சும்மா இருக்குமா? ஒரு சனிக்கிழமை பெட்டியைத் திறந்து, போர்டிலேயே பொடி எழுத்தில் அச்சடித்திருந்த பட்டியலைப் பார்த்து, புருவம் திருத்துகிற இடுக்கியால் ஜம்பரை மாற்றிவிட்டேன். கார் பறந்தது! திங்கட்கிழமை ஸ்டோர்ஸ் ஜன்னலில் அவரிடமே பெருமையாகச் சொன்னேன். இப்போது நினைத்தால் என் வாயிலேயே ஒன்று போடத் தோன்றுகிறது.

அவர் முகம் வெளுத்துப்போனது. அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு நேராக எங்கள் வீட்டுக்குப் போய்விட்டார். நான் பின்னாலேயே ஓடிப் போய்ச் சேர்ந்தபோது பெட்டியைத் திறந்து ஜம்பரைப் பழைய இடத்திலேயே சொருகிக்கொண்டிருந்தார். அம்மா ஒன்றும் புரியாமல் மோர் கொண்டுவந்து வைத்தாள்.

"எரிஞ்சா எரிஞ்சிட்டுப் போவுதுண்ணா. ஆயிரம் ரெண்டாயிரம் பொருளு. இதுக்கா இப்படி?" என்றேன்.

மோரைக் குடித்துவிட்டு, டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அவருக்குத் தம்பி ஒருவன். ஒரே வீடு, பருத்திப்பட்டில். எங்கள் கம்பெனிக்கு வருமுன் அண்ணன் தம்பி இருவரும் வேறொரு தகடு கம்பெனியில் இருந்திருக்கிறார்கள். தம்பி பவர் பிரஸ் ஆபரேட்டர். பிரஸ்ஸில் இரண்டு பட்டன் இருக்கும், இடது கைக்கு ஒன்று, வலது கைக்கு ஒன்று. இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் மேலிருந்து அச்சு இறங்கித் தகட்டை அடிக்கும். இரண்டு கையும் பட்டன் மேல் இருந்தால் உள்ளே கை இருக்க முடியாது, அதற்காகத்தான் அந்த ஏற்பாடு. தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. எண்ணிக்கை கூடினால் காசு கூடும்.

"'ண்ணா, ஒரு பட்டன் போதும்னு பண்ணிக் குடுண்ணா, ஒரு கைல தகட்ட வெச்சிகினே இன்னொரு கைல அடிச்சா டபுளா உழும்'னு தம்பி கேட்டான். எல்லா மெஷின்லயும் அப்டித்தான் செஞ்சிகினு இருந்தானுங்கோ. சூப்பர்வைசரும் பாத்தும் பாக்காத மாதிரி போவாரு. எனக்கு இன்னா, ஒரு சாண் ஒயரு. பட்டனுக்குக் குறுக்கால போட்டு உட்டேன். பதினோரு நாளு நல்லாத்தான் ஓடிச்சு."

பன்னிரண்டாம் நாள் தம்பியின் வலது கையில் நாலு விரல் போய்விட்டது. கட்டை விரல் மட்டும் மிச்சம். கல்யாணம் நின்றது. அதற்கப்புறம் மூன்று வருடத்துக்கு மேலாகத் தம்பி இவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு போடுவது அண்ணி, எது கேட்பதும் அண்ணியிடம். இவர் உள்ளே வந்தால் அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வான்.

"நான் வோணாம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதும்மா. சொல்லல" என்றார்.

அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

பழைய பாகங்கள் எங்கே போயின என்பதும் அன்றுதான் தெரிந்தது. வேலைக்குச் சேருமுன் அந்தத் தம்பி ஆவடியில் வீடியோ கேம் கடையே கதி என்று கிடந்தவனாம். அவனுக்கு ஒரு கம்ப்யூட்டர் கோத்துக்கொண்டிருந்தார் இவர். விரல் போனவன் குளிக்கத் தவிர அறையை விட்டு வெளியே வருவதில்லை. அந்த அறைக்குள்ளேயே அவன் ஒரு தடவை சிரித்துவிட்டால் போதும், திரும்பி 'அண்ணா' என்று ஒரு தடவை கூப்பிட்டுவிட்டால் போதும் என்று நினைத்திருக்கிறார். ஆட்டத்துக்கு என்று நான் சொன்னபோது ஏன் சிரிக்கவில்லை என்பதும் எனக்குப் புரிந்தது.

அதற்கப்புறம் ஏழெட்டு மாதம் நானும் அவரோடு அலைந்தேன். ஒருவர் கழித்த ராம், இன்னொருவர் கழித்த ஹார்ட் டிஸ்க். என்னுடையதைப் போலவே முன்னூறு பிராசசர், போர்டும் அதே வகை. இதெல்லாம் கிடைத்துவிட்டது. கிடைக்காதது ஜாய்ஸ்டிக். கடையில் வருவது எல்லாம் வலது கையால் பிடித்து ஆட்டுகிற மாதிரி. இடது கைக்கு ஒன்று கேட்டால் கடைக்காரர்கள் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்கள். கடைசியில் சாதாரண ஜாய்ஸ்டிக் ஒன்றை வாங்கி அவரே பிரித்தார். இடது கையால் திருப்பலாம். வேகம் கூட்டுகிற பட்டனைத் தனியாகக் கழற்றி, ஒரு மரக்கட்டையில் பதித்து, வலது கட்டை விரல் தானாக விழுகிற இடத்தில் வைத்தார்.

"தம்பி கைய உங்களுக்குக் காட்டவே மாட்டாருன்னீங்க. அளவு எப்டித் தெரியும்?" என்று கேட்டேன்.

"குளிச்சிட்டு வரும்போது கொயாயடி செவுத்துல கைய ஊணி நிப்பான். உள்ள போன பொறவு, ஈரம் காயறதுக்குள்ள ஓடிப் போயி ஸ்கேலு வெச்சுப் பாப்பேன்."

இதைக் கேட்டு நான் அழுதேன். ஸ்டோர்ஸ் ஜன்னலில் நின்றுகொண்டே, சீட்டோடு இரண்டு பேர் காத்திருக்கும்போதே.

எல்லாம் தயாரான ஞாயிற்றுக்கிழமை என்னையும் வரச் சொன்னார். "நீ பேசிகினே இருப்ப. வெளி ஆளு வந்தா அவன் மூஞ்சியத் திருப்ப மாட்டான்." பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் இரண்டே அறை உள்ள வீடு. அவர் மனைவி எனக்கு டீ கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டாள். தம்பி கட்டிலில் உட்கார்ந்திருந்தான். என் வயதுதான் இருக்கும், நல்ல களையான முகம். வலது கையைத் துண்டில் சுற்றியிருந்தான். இவர் சுவிட்சுப் பக்கம் நின்று, என்னைப் பார்த்து, "ரெண்டு கையும் காட்டு" என்றார். தம்பியைப் பார்க்கவில்லை. அந்த வார்த்தை வந்ததும் தம்பி துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

முதலில் நான்தான் ஆடினேன். மூன்று தடவை காரைப் பள்ளத்தில் தள்ளினேன். "அங்க சைடு வாங்கணும்" என்று கட்டிலிலிருந்து ஒரு குரல் வந்தது. "பெரிய டிரைவரு! வந்து ஓட்டிக் காட்டுங்களேன், நானும் பாக்கறேன்" என்றேன். அவன் எழுந்து வந்து, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். கட்டை விரலைப் பட்டன் மேல் வைத்துப் பார்த்தான். சரியாக விழுந்தது. யார் அளவெடுத்தது என்று அவனுக்குத் தெரியாமல் இருக்குமா?

ஒரு மணி நேரம் ஓட்டினான். சிரித்தான். நான் என் பழைய வாய்க்கொழுப்பில், "வளைவுல இழுக்குது பாத்தீங்களா? எங்க ஊட்ல ஒரு நாளு ஜம்பர மாத்தி உட்டேன், அப்டியே பறந்துச்சு. உங்க அண்ணன் வந்து புடுங்கிட்டாரு" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவன் ஜாய்ஸ்டிக்கை விட்டுவிட்டு மெதுவாகத் திரும்பினான். கதவோரம் நின்றவரை நேராகப் பார்த்தான்.

"ண்ணா."

வாசலில் அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எனக்கும் மாத்திக் குடுண்ணா."

இவர் கண்ணில் தண்ணீர் நின்றது.

"அன்னிக்கும் நாந்தானண்ணா கேட்டேன்" என்றான் தம்பி. குரலில் கோபம் இல்லை. அதை நான் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் பண்ணிச் சொல்வேன்.

"வோணாண்டா. இத்த மட்டும் கேக்காத" என்றார் இவர். திறந்து கிடந்த பெட்டியின் மூடியை எடுத்துப் போட்டு, நாலு ஸ்க்ரூவையும் ஒவ்வொன்றாக முறுக்கினார். அவர் நாலாவதை முறுக்கி முடிப்பதற்குள் தம்பி துண்டை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டு கட்டிலுக்குப் போய்விட்டான். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான்.

என்னைப் பஸ் ஏற்றிவிட ரோடு வரைக்கும் வந்தார். அழுதுகொண்டே சிரித்துக்கொண்டு வந்தார். "நாலு வருசம் கய்ச்சி அண்ணான்னான், கேட்டியா? இந்த வாட்டி வோணாம்னு சொல்லிட்டேன் பாத்தியா? அன்னிக்கு சொல்ல வேண்டியது. இன்னிக்குச் சொல்லிட்டேன்மா."

அவன் வேகத்தைக் கேட்கவில்லை அண்ணா, 'அன்றைக்குக் கேட்டவன் நான்தான், குற்றம் உன்னுடையது மட்டும் இல்லை' என்று சொல்லத்தான் கேட்டான். அதே வேலையை உங்கள் கையாலேயே திரும்பவும் செய்யச் சொல்லி, 'உன்னை நம்புகிறேன்' என்று காட்டினான். இதெல்லாம் எனக்கு அந்த ரோட்டிலேயே தோன்றியது. ஊர்ப்பட்ட பேச்சுப் பேசுகிற நான் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. அத்தனை சந்தோஷமாக இருக்கிற மனிதரிடம் எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம், திங்கட்கிழமை சொல்லலாம் என்று தள்ளினேன். ஸ்டோர்ஸ் ஜன்னலில் அவர் முகம் திங்கட்கிழமையும் அப்படியே மலர்ந்திருந்தது. சொல்லவில்லை.

தம்பி அந்தக் கம்ப்யூட்டரை அப்புறம் தொடவில்லை. மூன்று வாரம் கழித்து, ஓசூர்ப் பக்கம் வாட்ச்மேன் வேலை இருக்கிறது என்று அண்ணியிடம் மட்டும் சொல்லிவிட்டு, ஒரு பையோடு கிளம்பிப் போனான். கடிதம் இல்லை. இவர் இரண்டு தடவை ஓசூருக்குப் போய்த் தேடிவிட்டு வந்தார்.

இரண்டாவது தடவை போய் வந்த ஞாயிற்றுக்கிழமை, ஆட்டோவில் அந்தக் கம்ப்யூட்டரை ஏற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். ஷேவ் பண்ணி எத்தனை நாளோ. "நீ வெச்சுக்கம்மா. ஊட்ல பாக்க முடில" என்றார். மரக்கட்டையில் பதித்த அந்தப் பட்டனையும் கொண்டுவந்திருந்தார். எல்லாவற்றையும் மேசையில் வைத்து, அவரே ஒயர் மாட்டினார். நான் பழக்கத்தில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றேன். அடுப்படியிலிருந்து அம்மாவும் வந்து தூக்கினாள். அவர் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. சுவிட்சைப் போட்டுவிட்டார்.

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்தது. பிராசசர் வேகம் நானூற்றைம்பது என்று இருந்தது.

நான் அவரைப் பார்த்தேன்.

"அவன் போன மறுநா மாத்துனேன்" என்றார். "ஒரு மாசமா ஓடுது. எரியல. சூடுகூட ஆவல. தொட்டுப் பாரும்மா, ஒண்ணுமே ஆவல."